லெதர் கோரல் சுருங்கிக் கிடக்கிறதா? எடுத்துப் போட்டுவிடாதீர்கள்

சென்னை வாசகர் ஒருவரின் கேள்வி: "150 லிட்டர் மரைன் டேங்க், அதாவது கடல்நீர் மீன்தொட்டி, வைத்திருக்கிறேன். இரண்டு மாதம் முன்பு வாங்கிய டோட்ஸ்டூல் லெதர் கோரல் (காளான் வடிவ மென்பவளம்) ஆறு நாளாகச் சுருங்கிக் கிடக்கிறது. தலையில் பூப்போல விரியும் பாலிப் ஒன்றுகூட வெளியே வரவில்லை, மேலே மெழுகு பூசியது போல் பளபளக்கிறது. செத்துவிட்டது, உடனே எடுங்கள் என்கிறார் கடைக்காரர். எடுத்துவிடவா? இந்த இரண்டு மாதத்துக்கு நடுவில் எட்டு நாள் ஊருக்குப் போயிருந்தேன். ஆவியாகிற தண்ணீருக்கு வீட்டு ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்றுகிறேன். இன்னொன்று, ராமநாதபுரம் பக்கத்து நண்பர் கடலிலிருந்து எடுத்த பவளத் துண்டு ஒன்று தருவதாகச் சொல்கிறார், வாங்கலாமா?"

எடுக்காதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது பெரும்பாலும் தோல் உரிக்கிறது. லெதர் வகைகள் எல்லாமே அவ்வப்போது செய்கிற வேலைதான் இது. தலையின் மேல் படிந்த பாசி, தூசி எல்லாவற்றையும் சேர்த்துத் தள்ளிவிட, பாலிப்களை உள்ளே இழுத்துக்கொண்டு, மேலே ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்கி, அதைக் கழற்றி விடும். காய்ச்சின பால் ஆறும்போது மேலே ஆடை கட்டுமே, கிட்டப்போய்ப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். ஓரத்தில் கிழிந்து தண்ணீரில் ஆடிக்கொண்டிருக்கும். சில நாளில் முடிவதும் உண்டு, இரண்டு வாரத்துக்கு மேல் இழுப்பதும் உண்டு. உரிந்து முடிந்ததும் பாலிப்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள், ஒவ்வொன்றிலும் சரியாக எட்டுக் கைகள், ஒவ்வொரு கையிலும் சீப்புப் பல் போல இரு பக்கமும் சின்னச் சின்னக் கிளைகள் இருக்கும். மென்பவளக் குடும்பத்துக்கே அந்த எட்டுதான் அடையாளம்.

சரி, உண்மையிலேயே செத்துக்கொண்டிருந்தால் எப்படித் தெரியும்? தண்டைப் பாருங்கள், அதுவும் பாறையோடு ஒட்டியிருக்கும் அடிப்பகுதியை. தோல் உரிக்கிற கோரல் சுருங்கினாலும் தண்டு விறைப்பாகவே இருக்கும், நிறம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். அழுகுகிற கோரல் அடியிலோ தலையிலோ கறுத்து, கொழகொழவென்று கரைய ஆரம்பிக்கும். தண்ணீருக்கு வெளியே ஒரு நொடி தூக்கினாலே அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். இந்த இரண்டும் இல்லையென்றால் அது உயிரோடுதான் இருக்கிறது, விட்டுவிடுங்கள்.

ஆனால் சும்மா இருந்தால் போதும் என்று சொல்லமாட்டேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துகிற விஷயங்கள் இரண்டு இருக்கின்றன.

முதலாவது அந்த எட்டு நாள். சென்னை வெயிலில், மேலே ஒரு ஃபேனும் ஓடினால், உங்கள் அளவு தொட்டியில் தினம் இரண்டு லிட்டர் ஆவியாவது சாதாரணம். போவது வெறும் தண்ணீர், உப்பு உள்ளேயே நின்றுவிடும். எட்டு நாளில் 16 லிட்டர் போனால் ஆயிரத்துக்கு 35 இருந்த உப்பு 39-ஐத் தாண்டிவிடும். திரும்பி வந்ததும் பதறிப்போய் ஒரு பக்கெட் தண்ணீரை மொத்தமாக ஊற்றியிருந்தீர்கள் என்றால், ஏறின உப்பு ஐந்து நிமிடத்தில் இறங்கியிருக்கும், கோரல் மூடிக்கொள்ள அது ஒன்றே போதும். குறைந்த தண்ணீரைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஒரு நாளைக்கு ஒரு புள்ளிக்கு மேல் உப்பு மாறாமல் கொண்டுவருவதுதான் சரியான முறை. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது குறைகிற தண்ணீரைத் தானாக நிரப்பும் ஆட்டோ டாப்-அப் வையுங்கள், முடியாவிட்டால் பக்கத்து வீட்டில் சொல்லி, கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, "இந்தக் கோடு வரைக்கும் இந்தக் கேனிலிருந்து ஊற்றுங்கள், வேறு எதையும் தொடாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். அப்புறம், உப்பை அளக்க முள் ஆடுகிற பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் வைத்திருந்தால் அதை நம்பாதீர்கள். முள்ளில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே தப்பாகக் காட்டும். ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி, 35 அளவுள்ள திரவத்தை வைத்துச் சரிபார்த்துக்கொண்டு அளங்கள்.

இரண்டாவதுதான் எனக்குப் பெரிய கவலை: வீட்டு ஆர்.ஓ. இங்கே விற்கிற குடிநீர் மெஷின்கள் பலவற்றில் கடைசியில் காப்பர் கார்ட்ரிட்ஜ் ஒன்று வைத்திருக்கிறார்கள், மனிதர்களுக்கு நல்லது என்று. கோரலுக்கும் நத்தைக்கும் இறாலுக்கும் செம்பு விஷம். ஒரு நாள் ஊற்றினால் ஒன்றும் தெரியாது. இரண்டு மாதம் தினமும் இரண்டு லிட்டர் ஊற்றினால், தண்ணீர் ஆவியாகிப் போகும், செம்பு போகாது, பாறையிலும் மணலிலும் ஏறிக்கொண்டே இருக்கும். செம்பு இல்லாத மெஷின்கள் பலவற்றிலும் சுவைக்காக டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) கன்ட்ரோலர் வைத்து, ஆர்.ஓ. சவ்வு வழியாகப் போகாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துதான் விடுவார்கள். போர்வெல், லாரித் தண்ணீர் வருகிற வீட்டில் அதில் என்னென்ன கலந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இன்றைக்கே மெஷின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். காப்பர் என்று இருந்தால் அந்தத் தண்ணீர் இனி தொட்டிக்கு வேண்டாம். டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்டுகிற ஆர்.ஓ.டி.ஐ. தண்ணீர் (ஆர்.ஓ.வுக்குப் பிறகு மிச்ச உப்புகளையும் ரெசினால் நீக்கியது) மட்டும் பயன்படுத்துங்கள், அந்தத் தண்ணீரில் கலந்த உப்பு நீரை மூன்று நாளுக்கு ஒருமுறை 15 லிட்டர் வீதம் இரண்டு வாரம் மாற்றுங்கள், கன உலோகங்களை உறிஞ்சுகிற ரெசின் கிடைத்தால் ஃபில்டரில் போடுங்கள்.

இவற்றோடு ஆக்டிவேட்டட் கார்பனும் முக்கால் கப் போடுங்கள், தூள் போகக் கழுவிவிட்டு. லெதர் வகைகள் தங்கள் இடத்துக்கு மற்ற கோரல் வராமலிருக்க டெர்பீன் வகை ரசாயனங்களைத் தண்ணீரில் விடும், கார்பன் அதைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

படலம் தானாகக் கழன்று போக நீரோட்டம் வேண்டும். வேவ்மேக்கரை, அதாவது நீரோட்டம் உண்டாக்கும் பம்பை, நேராகக் கோரல் மேல் திருப்பாமல், எதிர்க் கண்ணாடியில் மோதித் திரும்புகிற மாதிரி வையுங்கள். தொங்கிக்கொண்டிருக்கும் துண்டுகளை ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சால் மெதுவாக ஊதிவிடலாம். விரலால் உரிக்காதீர்கள். தினமும் இடம் மாற்றிப் பார்க்கிற பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள், ஒவ்வொரு தடவையும் அது மறுபடி பழக வேண்டியிருக்கும். லைட்டை இப்போது கூட்டவும் வேண்டாம், சாப்பாடும் தேவையில்லை. உடம்புக்குள் இருக்கும் நுண்பாசி ஒளியிலிருந்து தயாரித்துத் தருவதே அதற்குப் பெரும்பாலும் போதும். வெப்பம் 25, 26 டிகிரி இருந்தால் நல்லது. மத்தியானம் 30-ஐத் தொடுகிறது என்றால் சில்லர் பற்றி யோசியுங்கள், கடல்காற்று ஈரமாக அடிக்கிற நாளில் ஃபேனால் பெரிதாகக் குளிராது. நைட்ரேட்டைப் பூஜ்யமாக்கப் பாடுபட வேண்டாம், 5 முதல் 15 பி.பி.எம். வரை இருந்தால் மென்பவளத்துக்கு நல்லதுதான்.

இதற்கெல்லாம் பிறகும் எங்காவது கறுத்துக் கரைகிறது என்றால் வெட்டுங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, தனி டப்பாவில் தொட்டித் தண்ணீர் எடுத்து, புது பிளேடால் அழுகலுக்குக் கொஞ்சம் தள்ளி நல்ல சதையில் வெட்டி, நல்ல பாகத்தை நீரோட்டம் குறைந்த இடத்தில் சின்னக் கற்கள் மேல் வைத்து, மேலே வலை மூடுங்கள், சில வாரத்தில் கல்லைப் பிடித்துக்கொள்ளும். உங்களிடம் சோவாந்திட் (பாறையில் கூட்டமாகப் படர்கிற, பூப்போன்ற பாலிப் வகை) இருக்கிறதா என்று எழுதவில்லை. இருந்தால், அது ஒட்டின பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று ஒருபோதும் கொதிக்கிற தண்ணீர் ஊற்றாதீர்கள்; சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய விஷம் உண்டு, ஆவியை மூச்சில் இழுத்து வீட்டோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

நண்பர் தருகிற துண்டு வேண்டாம். பாறை கட்டும் கடினப் பவளங்கள் எல்லாமும், மென்பவளம் போலத் தெரிகிற கடல் விசிறியும் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலி இருக்கிற அதே அட்டவணை. வீட்டில் வைத்திருப்பதே குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி 1986-லிருந்து கடல் தேசியப் பூங்காவே இருக்கிறது. அந்தப் பாறைகளிலிருந்து பிய்த்த துண்டை உங்கள் தொட்டியில் பார்க்க எனக்கு மனசு ஒப்பாது. உங்கள் டோட்ஸ்டூல் தேறி வளர்ந்ததும் அதிலிருந்தே ஒரு துண்டு வெட்டி வளர்க்கலாம்.

இரண்டு வாரம் கழித்துத் தண்டின் அடிப்பகுதி தெரிகிற மாதிரி ஒரு படமும், மெஷினில் காப்பர் இருந்ததா என்பதையும் அனுப்புங்கள்.