ஆங்கில வகுப்பில் தமிழ் பேசலாமா?

அன்புள்ள ஐயா,

தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி, ஆங்கில வகுப்பில் ஒரு சொல்கூடத் தமிழ் வரக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு வாரமாக அப்படியே நடத்துகிறேன். வகுப்பே பேச்சடங்கிப் போய்விட்டது. போன திங்கட்கிழமை ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் சோர்ந்து உட்கார்ந்திருந்தான். "ஹேவன்ட் யூ ஈட்டன்?" என்று கேட்டேன். "யெஸ் மிஸ்" என்றான். சரி, சாப்பிட்டிருக்கிறான் என்று பாடத்தைத் தொடர்ந்தேன். மத்தியானம் சத்துணவு வரிசையில்தான் தெரிந்தது, முதல் நாள் ராத்திரியிலிருந்து அவன் ஒன்றும் சாப்பிடவில்லை. அன்றிலிருந்து மனசு சரியில்லை. தமிழைக் கலந்தால் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வராமல் போய்விடுமா?

ஓர் ஆங்கில ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்தப் பையன் உங்களுக்குச் சரியான பதிலைத்தான் சொல்லியிருக்கிறான், தமிழில் நினைத்து. "சாப்பிடலையாடா?" என்று கேட்டால் பசியோடிருக்கும் பிள்ளை "ஆமா மிஸ், சாப்பிடல" என்று சொல்லும். கேட்டவர் சொன்னது சரி என்று நம் ஆமாம் ஒத்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அப்படி இல்லை. கேள்வி எப்படி இருந்தாலும், சாப்பிட்டிருந்தால் யெஸ், சாப்பிடவில்லை என்றால் நோ. உங்கள் கேள்வி அவனுக்குப் புரிந்திருக்கிறது. அதற்கு அவன் தேடி எடுத்த சொல்லும் ஆங்கிலச் சொல்தான். இடையில் இருக்கும் இந்த ஒரு வித்தியாசத்தை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தமிழில் சொன்னால் இரண்டு நிமிடத்தில் புரிந்துகொள்வான். ஆங்கிலத்திலேயே ஆறாம் வகுப்புக்கு இதை விளக்குவது எப்படி என்று யோசித்துப் பார்த்தேன், எனக்கு வழி தெரியவில்லை.

நானும் தமிழ் வழியில் படித்தவன். நான் சேர்ந்த கல்லூரியில் தமிழில் பேசினால் ஐந்து ரூபாய் அபராதம். முதல் வருஷம் முழுக்க நான் கட்டியது பத்து ரூபாய்தான், ஏனென்றால் வாயைத் திறக்கவே இல்லை. அந்த வருஷம் எனக்குள் ஒரு பயம் உட்கார்ந்தது. அது போக வெகுகாலம் ஆயிற்று. உங்கள் வகுப்பு பேச்சடங்கிப் போனது என்று படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது.

பிள்ளைகளைப் பயமுறுத்தாமல் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க நம் ஊரிலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய ஊர்களில் சில பள்ளிகளில் ஒரு சோதனை நடந்தது. நடத்தியவர் என்.எஸ்.பிரபு, அப்போது சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தவர். இலக்கணத்தை வரிசையாகச் சொல்லிக்கொடுத்து, ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் முறையை அவர் விட்டுவிட்டார். அதற்குப் பதில் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கைக் கொடுத்தார். ரயில் நேர அட்டவணை, ஊரின் வரைபடம் இப்படி ஏதாவது ஒன்று, அதை வைத்து யோசித்துத் தீர்க்க வேண்டிய ஒரு கேள்வி. ஆசிரியர் முதலில் அதே மாதிரி ஒன்றை வகுப்போடு சேர்ந்து ஆங்கிலத்தில் போட்டுக் காட்டுவார். அப்புறம் பிள்ளைகள் தனித்தனியாகப் போடுவார்கள். பதிலை ஒரே சொல்லில் சொல்லலாம், கோடு போட்டும் காட்டலாம். வகுப்பில் ஏறக்குறையப் பாதிப் பேர் பாதியளவாவது சரியாகச் செய்தால் கணக்கு அந்த வகுப்புக்கு ஏற்றது என்று வைத்துக்கொண்டார்கள். அந்தப் பாதி என்ற அளவு எனக்கு மிகவும் பிடிக்கும். எல்லோரும் சரியாகச் சொல்லும் கேள்வியில் யாரும் யோசிப்பதில்லை.

முடிவில் சோதித்துப் பார்த்தவர்கள் அடக்கமாகத்தான் பேசினார்கள். பழைய முறைக்குப் பொருந்திய தேர்வில் பழைய முறைப் பிள்ளைகள் முன்னே நின்றார்கள், பொதுவான தேர்வுகளில் இந்தப் பிள்ளைகள் முன்னே வந்தார்கள். அங்கே பாடம் எடுத்தவர்கள் நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள், எல்லாப் பள்ளிக்கும் அது பொருந்துமா என்ற கேள்வியும் எழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனாலும் உங்கள் வகுப்பில் நாளைக்கே செய்து பார்க்கக்கூடிய விஷயம் அதில் இருக்கிறது.

எங்கள் ஊர் நூலகத்தில் சில வருஷம் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தேன். டவுன் பஸ் நேரங்களைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, அம்மா பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். ஏழாவது படிக்கும் ஒருவன் பக்கத்துப் பையனோடு தமிழில் சண்டையே போட்டான். "டேய், ஒன்பதே கால் வண்டி சுத்திக்கிட்டுப் போவும்டா." அப்புறம் என்னைப் பார்த்து, "நைன் ஃபிஃப்டீன் நோ சார். லேட்" என்றான். "யெஸ், தி நைன் ஃபிஃப்டீன் பஸ் இஸ் டூ லேட்" என்றேன், அவ்வளவுதான். திருத்துகிறேன் என்றுகூட அவனுக்குத் தெரிந்திருக்காது. அடுத்த சனிக்கிழமை வேறு கணக்கு. அவனே "எய்ட் தேர்ட்டி இஸ் டூ லேட் சார்" என்றான். அவன் தமிழில் போட்ட சண்டையை நான் தடுத்திருந்தால் அந்த 'டூ லேட்' வந்திருக்காது என்று நம்புகிறேன், ஏனென்றால் அவன் யோசித்ததே அந்தச் சண்டையில்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பாடத்தை வரிக்கு வரி வாசித்துத் தமிழில் அர்த்தம் சொல்லிக்கொண்டே போகும் வகுப்பும் நம்மிடம் நிறைய உண்டு. அங்கே பிள்ளைகள் அர்த்தத்துக்காகக் காத்திருக்கிறார்கள், ஆங்கிலம் காதில் விழுவதே இல்லை. உங்கள் அதிகாரி அதைப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் அப்படிச் சொல்லியிருப்பார். வெளியே ஆங்கிலம் கேட்க வழியில்லாத பிள்ளைக்கு உங்கள் நாற்பது நிமிடம்தான் எல்லாம். அதனால் உட்கார், எடு, எழுது, பக்கத்தில் உள்ளவனிடம் கேள் என்பதெல்லாம் தினமும் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், ஒரே சொற்களில். கடினமான சொல் வந்தால் தமிழில் ஒரு சொல் சொல்லிவிட்டு உடனே திரும்பிவிடுங்கள். இரண்டு மொழியும் வேறுபடும் இடத்தைத் தமிழிலேயே விளக்குங்கள். அதிகாரி மறுபடி வந்து கேட்டால், 2005ஆம் ஆண்டு தேசியக் கலைத்திட்ட வடிவமைப்புக்காக, அதாவது பள்ளிப் பாடத்திட்டத்துக்கான தேசிய வழிகாட்டிக்காக, ஆங்கிலக் கற்பித்தல் குழு எழுதிய அறிக்கையைக் காட்டுங்கள். மற்ற இந்திய மொழிகளோடு சேர்ந்துதான் ஆங்கிலம் வகுப்பில் இருக்க வேண்டும் என்கிறது அது.

அரசின் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அந்தப் பையன் ஆறாவது. அவனிடம் தினமும் காலையில், வகுப்பு தொடங்குவதற்கு முன்னால், "சாப்பிட்டியாடா?" என்று தமிழிலேயே கேளுங்கள்.