லாரி விற்பனையைப் பார்த்துப் பொருளாதாரத்தைக் கணிக்க முடியுமா? – கேள்வி பதில்

கேள்வி (அம்பத்தூர்): சார், காரை விட்டுவிட்டு ஏன் கனரக லாரியைக் கவனிக்கச் சொல்கிறீர்கள்?

பதில்: காரை ஆசைக்கும் வாங்குவார்கள். லாரிக்குப் பெரிய கடன் போடுபவர், சிமெண்ட், கம்பி, கன்டெய்னர் லோடு பல வருடம் கிடைக்கும், டியூ கட்டிவிடலாம் என்று நம்பித்தான் கையெழுத்துப் போடுகிறார். அமெரிக்காவில் 2007-09 மந்தத்துக்கு முன்பே லாரி விற்பனை சரிந்தது. அந்தச் சரிவில் 2007-ல் வந்த புதிய புகை விதிக்கும் பங்குண்டு என்பதை மறக்காதீர்கள்.

கேள்வி (மணலி): எந்த எண்ணைப் பார்க்கணும்?

பதில்: கம்பெனிகள் மாதப் பிறப்பில் சொல்வது டீலருக்கு அனுப்பிய கணக்கு. வாங்கியவர் பெயரில் பதிவானது வாகன் என்ற அரசின் வண்டிப் பதிவுத் தளத்தில் இருக்கும். டீலர்கள் கூட்டமைப்பான ஃபாடா அதை மாதாமாதம் வெளியிடுகிறது. முன்னது ஏறிப் பின்னது தேங்கினால், வண்டிகள் யார்டில் நிற்கின்றன. சேஸ் (பாடி இல்லாத அடிச்சட்டம்) வாங்கி நாமக்கல்லில் பாடி கட்டி வரப் பல வாரம் ஆவதால், மூன்று மாதக் கூட்டுத்தொகையாகப் பாருங்கள். மொத்த வணிக வாகனக் கணக்கு வேண்டாம், அதில் குட்டியானையும் சேர்ந்துவிடும். மார்ச்சில் வருமான வரியில் கிடைக்கும் தேய்மானக் கழிவுக்காக வாங்குவோர் அதிகம். அதனால் மார்ச்சைப் போன மார்ச்சோடுதான் ஒப்பிட வேண்டும். ஏப்ரல் இறங்கினால் பதறத் தேவையில்லை.

கேள்வி (திருவொற்றியூர்): 2018-19-ல் வணிக வாகனம் 10 லட்சம் தாண்டியது, அடுத்த வருடம் 7 லட்சத்துச் சொச்சம். அவ்வளவு மோசமான மந்தமா?

பதில்: மந்தம் இருந்தது, ஆனால் மொத்தப் பழியும் அதன் மேல் இல்லை. 2018 ஜூலையில் அச்சுச் சுமை வரம்பை, அதாவது ஓர் அச்சு தாங்க அனுமதித்த எடையை, அரசு கூட்டியது. மூன்று அச்சு லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனது. அதே சரக்குக்குக் குறைந்த வண்டி போதும் என்றாகிவிட்டது. ஜி.எஸ்.டி.க்குப் பின் செக்போஸ்ட் காத்திருப்பு போனதால் ட்ரிப்பும் கூடியிருந்தது. 2018 செப்டம்பரில் ஐ.எல்.எஃப்.எஸ். என்ற பெரிய நிதி நிறுவனம் கடனைக் கட்ட முடியாமல் தடுமாறியபின் ஃபைனான்ஸ் கம்பெனிகள் கையை இறுக்கின. விதி மாறிய வருட எண்ணை அப்படியே நம்புவதுதான் இதில் பெரிய தப்பு.

கேள்வி (ஒரகடம்): டிப்பர் விற்பனையைப் பார்க்கவா, டிரெய்லர் விற்பனையையா?

பதில்: டிப்பர் விற்பனை ஏறினால் சாலை, குவாரி, கட்டுமானத்தில் வேலை கூடுகிறது என்று அர்த்தம். டிரெய்லர் ஏறினால் ஸ்டீல், துறைமுகம்.

கேள்வி (மாதவரம்): அண்ணே, விற்பனை ஏறுதே, நானும் ஒரு வண்டி எடுக்கவா?

பதில்: பொறுங்க தம்பி. வண்டி பெருகி லோடு பெருகலைன்னா வாடகைதான் இறங்கும். சரக்கு கொண்டுபோக ஆன்லைன்ல எடுக்கிற சீட்டான இ-வே பில் எண்ணிக்கையும் கூடவே ஏறுதான்னு பாருங்க. மாதவரம் டெர்மினல்ல ரிட்டன் லோடுக்கு எத்தனை நாள் நிக்கிறாங்கன்னு கேளுங்க. டீசல், டோல், டிரைவர் படி, டயர் தேய்மானம் கழிச்சு, மாசத்துல நாலு நாள் வண்டி நின்னாலும் டியூ வருதுன்னா எடுங்க.