கதம்பைக் குவியலுக்கு அடியில் மண்ணுக்குள் புதையும் கரப்பான் எது? மருந்து அடிக்க வேண்டுமா?

குமரி மாவட்டத்தில் புதிதாக வீடு கட்டிக் குடியேறியிருக்கிறீர்கள். தென்னைமூட்டில் கிடந்த கதம்பையை, அதாவது உரித்த தேங்காய் மட்டையை, புரட்டியதும் பத்திருபது கரப்பான்கள் மண்ணுக்குள் இறங்கி மறைந்துவிட்டன, இது என்ன இனம், வீட்டுக்குள் வருமா, மருந்து அடிக்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்து மட்டும் அடித்துவிடாதீர்கள். மற்றதை அப்புறம் சொல்கிறேன்.

நீங்கள் பார்த்தது அநேகமாகச் சுரினாம் கரப்பான். அறிவியல் பெயர் பிக்னோசெலஸ் சுரினாமென்சிஸ். எனக்கு ஊர் குலசேகரம் பக்கம். வீட்டைச் சுற்றியுள்ள தோட்டமான விளையில் உரக்குழியைக் கிளறும்போதும், குலை வெட்டிய வாழையின் கிழங்கைத் தோண்டும்போதும், ரப்பர்ச் சருகை வாரும்போதும் சின்ன வயதிலிருந்தே பார்த்துவரும் பூச்சி இது. ஊரில் எல்லாக் கரப்பானுக்கும் பாச்சை என்று ஒரே பெயர்தான். அடுக்களையில் ஓடுவதும் இதுவும் ஒன்றே என்று நினைத்துப் பயப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுக்களையில் ஓடுகிற பெரிய செம்பழுப்புக் கரப்பான் நான்கு சென்டிமீட்டர் வரை வளரும். இது அதில் ஏறக்குறைய பாதிதான். தலையை மூடியிருக்கும் தகடு கறுப்பாகவும், அதன் முன்விளிம்பில் மெல்லிய வெளிர்கோடும், இறக்கை பளபளக்கும் பழுப்பாகவும் இருக்கும். குஞ்சுகளைப் பார்த்தால் இன்னும் உறுதியாகச் சொல்லிவிடலாம். உடம்பின் முன்பாதி எண்ணெய் தடவியது போல மினுங்கும். பின்பாதி மங்கலாக, சொரசொரப்பாக இருக்கும். தொந்தரவு செய்தால் வீட்டுக் கரப்பான் இடுக்கைத் தேடி ஓடும். இது நின்ற இடத்திலேயே தலையை நுழைத்து மண்ணுக்குள் போய்விடும். இறக்கை இருந்தும் இது பறந்து நான் பார்த்ததில்லை.

இது வாழ ஈரமும் மக்கும் பொருளும் வேண்டும். கல்குளம், விளவங்கோடு பக்கத்து விளைகளில் இரண்டுக்கும் குறைவே இல்லை. ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. கதம்பைக்கு அடியில் மண் காய நேரமே கிடைப்பதில்லை. காய்ந்த சிமெண்ட் தரையில் இதனால் தாக்குப்பிடிக்க முடியாது. கதவிடுக்கு வழியாகத் தப்பித்தவறி ஒன்று உள்ளே வந்தாலும் அங்கே குடும்பம் பெருக்காது. வீட்டுக்குள் வந்து தங்க வேண்டுமானால் பெரும்பாலும் பூந்தொட்டி மண்ணோடுதான் வரும். தொட்டிச் செடியின் வேரையும் இளந்தண்டின் அடியையும் இது சில நேரம் கடித்துவிடும். அதனால் விளையிலிருந்து மண் எடுத்துத் தொட்டி நிரப்பும்போது ஒருமுறை கிளறிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயரை வைத்து இதை வெளிநாட்டுப் பூச்சி என்று நினைக்க வேண்டாம். தென் அமெரிக்காவின் சுரினாமில் கிடைத்ததை வைத்து 1758-ல் இயற்கையியலாளர் லின்னேயஸ் அந்தப் பெயரைக் கொடுத்தார். இதன் பூர்வீகம் நம் பக்கத்து ஆசியாதான். செடிகளோடும் மண்ணோடும் கப்பலேறி வெப்பநாடுகள் முழுக்கப் பரவியிருக்கிறது. அப்படிப் பரவ ஒரே ஒரு பெண் போதும், ஏனென்றால் இந்த இனத்தில் பெண்கள் ஆண் இல்லாமலேயே குஞ்சு ஈனும். பிறப்பதும் எல்லாம் மகள்கள். முட்டைக் கூட்டை வெளியே விட்டுப் போகாமல் வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்து உயிருள்ள குஞ்சுகளாக வெளிவிடும். இதைப் படித்த அன்று உரக்குழிப் பக்கம் போய் வெகுநேரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கிட்டத்தட்ட இதே உருவத்தில் ஆணும் பெண்ணுமாக வாழும் பிக்னோசெலஸ் இண்டிகஸ் என்ற நெருங்கிய உறவினமும் உண்டு. பெண்ணை மட்டும் கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிப்பது கடினம். உங்கள் குவியலில் ஆண்களும் நிறைய இருந்தால் அது இண்டிகஸாக இருக்கலாம். வாழும் இடமும் பழக்கமும் ஒன்றுதான்.

மருந்து வேண்டாம் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சருகையும் கதம்பைத் தூளையும் தின்று மண்ணாக்கும் வேலையை இந்தப் பூச்சி பார்க்கிறது. மருந்து தின்று மயங்கிக் கிடப்பதைக் கோழி கொத்தும். கிணறும் அதே விளையில்தான் இருக்கும்.

ஆனால் கோழி வளர்க்கிறீர்கள் என்றால் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கதம்பையைப் புரட்டும்போது அம்மா, "கொல்லாத, மக்களே, கோழி கொத்தித் தின்னட்டு" என்பாள். நாங்களும் அப்படியே விடுவோம். சில வருடங்களுக்கு முன் ஒரு பெட்டைக்கோழி கண் வீங்கி, நீர் வடிந்து, காலால் கண்ணையே பிறாண்டிக்கொண்டிருந்தது. தூசி விழுந்திருக்கும் என்று இரண்டு நாள் விட்டுவிட்டோம். கால்நடை மருத்துவர் இமையை விலக்கிக் காட்டியபோது உள்ளே வெள்ளை நூல் போலப் புழுக்கள் நெளிந்தன. கோழிக் கண்புழு. கண்ணில் இடும் முட்டை கண்ணீரோடு தொண்டைக்கு இறங்கி எச்சத்தில் வெளியேறும். எச்சத்தைத் தின்னும் சுரினாம் கரப்பானுக்குள் அது புழுவாக வளரும். அந்தக் கரப்பானைக் கோழி விழுங்கினால் புழு இரைப்பையிலிருந்து மேலேறி, கண்ணீர்க் குழாய் வழியாகக் கண்ணுக்கே போய்ச் சேரும். மருத்துவர் மரப்பு மருந்து விட்டுப் புழுக்களை எடுத்தார். கோழி பிழைத்தது, ஒரு கண் மட்டும் மங்கிவிட்டது. அந்த இரண்டு நாளை வீணாக்கியதற்கு இன்றும் வருத்தப்படுகிறேன்.

அதற்குப் பிறகு கோழிக்கூட்டைக் கதம்பைக் குவியலிலிருந்தும் உரக்குழியிலிருந்தும் தள்ளி, மேடான காய்ந்த இடத்துக்கு மாற்றினோம். கூட்டுக்கடியில் எச்சம் சேரவிடாமல் வாரி, கோழி நுழையாதபடி வலை கட்டிய குழியில் போடுகிறோம். நீங்களும் கதம்பையைச் சுவரை ஒட்டிக் குவிக்காமல் விளையின் ஓரத்துக்குத் தள்ளிப் போடுங்கள், போதும். கோழி இருந்தால், அந்தக் குவியலைப் புரட்டுகிற அன்று அவற்றைக் கூட்டிலேயே அடைத்து வையுங்கள்.