கடைச் சரக்கு பொருளாதாரத்தையே ஆட்டுமா?

விற்பனை லேசாகக் குறைந்தால் தொழிற்சாலை உற்பத்தி ஏன் பலமடங்கு சரிகிறது என்று கேட்டிருந்தீர்கள். பதில் கடையின் ஸ்டோர் ரூமில் இருக்கிறது.

சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு கடை வாரம் 100 மிக்ஸி விற்கிறது, நான்கு வார விற்பனைக்கான சரக்கு, அதாவது 400 மிக்ஸி, எப்போதும் கையிருப்பில் வைக்கிறது என்று வையுங்கள். ஒரு வாரம் 90தான் போகிறது. வழக்கமான 100 வந்து இறங்கியதால் இருப்பு 410. இனி வாரம் 90தான் போகும் என்றால், நான்கு வாரத்துக்குத் தேவையான இருப்போ 360. அடுத்த வாரம் 90 விற்றபின் மிஞ்சுவது 320. அப்படியானால் அடுத்த வார ஆர்டர் வெறும் 40. விற்பனை 10% இறங்கியது, ஆர்டர் 60% விழுந்துவிட்டது! அதற்கடுத்த வாரம் ஆர்டர் 90க்கு ஏறும். தொழிற்சாலை அதை மீட்சி என்று நினைக்கும். கடையில் விற்பனை ஒன்றுகூடக் கூடவில்லை.

சரக்கு கப்பலில் வர ஆறு வாரமானால் நிலைமை இன்னும் மோசம். ஏற்கெனவே போட்ட ஆர்டர்கள் ஒவ்வொன்றாக வந்து குவியும்.

2022இல் அமெரிக்காவில் வால்மார்ட், டார்கெட் கடைகளில் இப்படித்தான் சரக்கு தேங்கியது. சிங்கப்பூர் போன்ற ஏற்றுமதி நாட்டுக்கு வெளிநாட்டுக் கடைகளின் இருப்பு முக்கியமாவது இதனால்தான்.

ஜிடிபி, அதாவது நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பு, கணக்கிடப்படும்போது அதில் சேர்வது இருப்பின் அளவல்ல, அதில் ஏற்படும் மாற்றம். பலர் தடுமாறும் இடம் இது. உள்நாட்டில் தயாரான சரக்கின் இருப்பு கூடினால் அந்தக் காலாண்டின் ஜிடிபியும் கூடும். ஆனால் விற்காமல் தேங்கியதாக இருந்தால் அடுத்த காலாண்டில் உற்பத்தி குறையும். அதனால் இருப்பை மட்டும் பார்க்காமல், அது எத்தனை வார விற்பனைக்குச் சமம் என்று பாருங்கள்.