ஈறு வீங்கினால் மனசு வாடுமா?

சென்னையில் ஈறு சிகிச்சை பார்க்கும் பல் டாக்டர் நான். வந்த கேள்விகளில் நான்குக்கு இங்கே பதில்.

பல் தேய்க்கும்போதெல்லாம் அம்மாவுக்கு ஈறில் ரத்தம். ஆறு மாதமாக யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை, சீரியல்கூடப் பார்ப்பதில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா? (பெரம்பூர்)

இருக்கலாம். மி.மீ. கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டுப் பார்ப்போம். நல்ல ஈறென்றால் 3 மி.மீ.க்குள் நின்றுவிடும். நோய் முற்றிய ஈறில் 6, 7 வரை இறங்கும். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உண்டான அந்தப் பையில்தான் போர்ஃபைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் போன்ற கிருமிகள் குடியிருக்கின்றன. அவற்றை எதிர்க்க உடல் சுரக்கும் இன்டர்லூகின்-6 போன்ற பொருட்கள் ரத்தத்தில் கலந்து, மூளைவரை செய்தி கொண்டுபோகும். காய்ச்சலில் பசியில்லாமல், பேசப் பிடிக்காமல் சுருண்டு படுக்கிறோமே, அது இவை செய்யும் வேலைதான். காய்ச்சல் நாலு நாளில் போய்விடும். ஈறு அழற்சி வருடக்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும். மனநிலையோடு தொடர்புள்ள செரோட்டோனினைத் தயாரிக்க வேண்டிய டிரிப்டோபான் என்ற சத்தும் அழற்சியில் கைனுரெனின் என்ற வேறு பொருளின் பக்கம் திரும்பிவிடுகிறது. ஹெபடைட்டிஸ் சி என்ற கல்லீரல் நோய்க்கு முன்பு, இதே போல உடல் எதிர்ப்புக்காகச் சுரக்கும் பொருளான இன்டர்ஃபெரானை ஊசியாகப் போட்டவர்களில் பலருக்கு மனச்சோர்வு வந்ததை மருத்துவ உலகம் நன்றாக அறியும்.

ஆனால் தலைகீழாகவும் நடக்கும். மனம் சோர்ந்தவருக்கு பிரஷ்ஷை கையில் எடுப்பதே பெரிய காரியம். அதனால் அம்மாவிடம் "ஒழுங்கா பல் தேய்க்கறதில்ல" என்று சண்டை போடாதீர்கள். அப்புறம், சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை ஏறினால் ஈறு இன்னும் கெடும்.

அப்படியானால் கிளீனிங் செய்துகொண்டு மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திவிடலாமா? வாய் வேறு காய்கிறது. (வேளச்சேரி)

நிறுத்தவே கூடாது. ஈறு சிகிச்சையால் மனச்சோர்வு தீரும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகளில் எச்சில் குறையும், பல் சொத்தையாகும். உங்கள் மனநல டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்றித் தருவாரா பார்க்கலாம். தண்ணீரை அடிக்கடி கொஞ்சமாகக் குடியுங்கள். வாய் காய்கிறதே என்று ஆரஞ்சு மிட்டாய் சப்ப வேண்டாம்.

கிளீனிங் செய்தால் பல் ஆடும் என்கிறார் மாமியார். (தாம்பரம்)

எலும்பு கரைந்து ஏற்கெனவே ஆடிய பல்லை, அதன் மேல் கல்லாகப் படிந்த அழுக்கான காரைதான் பிடித்து வைத்திருக்கும். காரையை எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது. பழி எங்கள் மேல்!

குறைந்த செலவில் எங்கே காட்டலாம்? (வியாசர்பாடி)

பல்லுக்கு, கோட்டை ரயில் நிலையம் பக்கத்தில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி. மனசுக்கு, கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை. பெயரைக் கேட்டதும் சிரிக்காதீர்கள். 1794-லிருந்து நடக்கும் மருத்துவமனை அது. புறநோயாளியாகப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு, அன்றே வீடு திரும்பலாம். நேரில் போகத் தயக்கமென்றால் அரசின் மனநல உதவி எண் 14416-க்கு போன் செய்யுங்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம்.