பேரிங் மாற்றியும் மோட்டார் அதிர்கிறதா?

வணக்கங்க. கொழிஞ்சாம்பாறை நார் மில்லில் 40 ஹெச்பி, 1,480 ஆர்பிஎம் மோட்டார். பேரிங் இரண்டையும் மாற்றியும் அதிர்வு நிற்கவில்லை, ரீவைண்டிங்குக்கு (உள்ளே இருக்கும் கம்பிச் சுருளான வைண்டிங்கைப் புதிதாகச் சுற்ற) அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

முதலில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு வெறும் மோட்டாரை ஓட்டுங்கள். அதிர்வு போய்விட்டால் கோளாறு பெரும்பாலும் பெல்ட் இழுவையிலோ, புல்லிகள் நேராக இல்லாததிலோ, மெஷின் பக்கமோதான். போகவில்லையா? முழு வேகத்தில் ஓடும்போது புல்லியை விட்டுத் தள்ளி நின்று மோட்டார் பாடியில் கை வையுங்கள், இன்னொருவர் சப்ளையை ஆஃப் செய்யட்டும். அந்த நொடியே அடங்கினால் மின்சாரக் கோளாறு. மூன்று ஃபேஸ் வோல்டேஜ், ஆம்பியர் பார்த்துவிட்டு அப்புறம் வைண்டிங்கைச் சந்தேகப்படலாம். வேகத்தோடு சேர்ந்து மெல்லக் குறைந்தால் மெக்கானிக்கல்.

நார் மில் என்பதால் எனக்கு முதல் சந்தேகம் ஃபேன் மேல்தான். மெயினை ஆஃப் செய்து பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஈரமான நார்த்தூள் இறக்கைகளில் ஒரு பக்கம் மட்டும் அப்பிக் காய்ந்திருந்தால் அந்த எடையே போதும், ஆட்டிவிடும். புல்லி பள்ளத்தில் படிந்த தூளையும் சுரண்டிவிடுங்கள்.

அடுத்து கால் போல்ட். மோட்டார் நிற்கும்போது டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வைத்து ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள், 0.05 மி.மீ.க்கு மேல் கால் எழுந்தால் அதற்கு ஷிம் (மெல்லிய தகடு) கொடுங்கள். வாஷரை அடுக்கி முறுக்குவது வேலைக்கே ஆகாதுங்க.