அலுவல் பயணத்தை ஆன்லைனில் ஒழுங்குபடுத்துவது: கேளுங்கள், சொல்கிறேன்

வணக்கம். பதினேழு வருடமாக ஒரு நிறுவனத்தின் டிராவல் டெஸ்க்கில் இருக்கிறேன். மாதத்துக்கு நாற்பது ஐம்பது பயணம் என் கை வழியாகப் போகிறது. டிக்கெட், ஹோட்டல், மீட்டிங், செலவுக் கணக்கு இவற்றை ஆன்லைனில் எப்படி ஒழுங்காக வைத்துக்கொள்வது என்று கேளுங்கள். ஊர் சுற்றிப் பார்க்கும் திட்டம் எனக்குத் தெரியாத துறை.

புது மேலாளர்: மேடம், முதல் முறையாக நான்கு பேரை வெளிநாடு அனுப்புகிறேன். டிக்கெட் ஒரு மெயிலில், ஹோட்டல் இன்னொரு மெயிலில், மீட்டிங் விவரம் வாட்ஸ்அப்பில் கிடக்கிறது. எந்த ஆப் நல்லது?

பதில்: ஆப்பை அப்புறம் பார்ப்போம். முதலில் எது மூலம், எது நகல் என்று பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் பயணத்தின் மூலப்பதிவு விமான நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. மற்றதெல்லாம் நகல்.

டிரிப்இட் மாதிரி ஆப்புகளுக்கு உறுதி மெயிலை ஃபார்வர்ட் செய்தால், அதைப் படித்து நாள்வாரியாக அடுக்கித் தரும். ஜிமெயிலில் வந்த டிக்கெட்டைக் கூகுள் கேலண்டர் தானாகவே எடுத்துப் போட்டுக்கொள்ளும். இரண்டும் நல்ல வசதிதான். ஆனால் மெயில் வந்த நாளில் இருந்த நிலவரம்தான் அதில் இருக்கும். விமான நேரம் பிறகு மாறினால் ஆப் சொல்லும் என்று நம்பி உட்காரக் கூடாது. டிரிப்இட்டிலேயே உடனடி விமான அறிவிப்பு கட்டணக் கணக்குக்குத்தான்.

நான்கு பேர் என்றால் நான் ஒரு கூகுள் ஷீட்தான் போடுவேன். ஆளுக்கு ஒரு வரி போடாதீர்கள், ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு வரி போடுங்கள். யார், எந்தத் தேதி, கிளம்பும் ஊரின் நேரம், சேரும் ஊரின் நேரம், பி.என்.ஆர். (விமான நிறுவனம் தரும் முன்பதிவுக் குறியீடு), டிக்கெட் எண், ஹோட்டலின் உறுதி எண், அங்கே அழைக்க வேண்டிய ஆளின் ஃபோன். பாஸ்போர்ட் எண்ணை ஷீட்டில் போடாதீர்கள். அந்த இணைப்பு யார் யார் கைக்குப் போகும் என்று உங்களால் கட்டுப்படுத்த முடியாது.

பி.என்.ஆர். விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இதை இன்று பல தடவை சொல்வேன். டிக்கெட் விற்கும் தளத்தில் வாங்கினால் அவர்கள் தரும் புக்கிங் எண் வேறு, விமான நிறுவனத்தின் பி.என்.ஆர். வேறு. பின்னது ஆறு இலக்கம், எழுத்தும் எண்ணும் கலந்து வரும். அதைக் கேட்டு வாங்கி, விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் போட்டுத் திறந்து பாருங்கள். அங்கே 13 இலக்க மின் டிக்கெட் எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். பி.என்.ஆர். மட்டும் இருந்து டிக்கெட் எண் இல்லையென்றால், இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள், டிக்கெட் இன்னும் போடவில்லை என்று பொருள். அப்படிப்பட்ட இடம் கெடு முடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.

இரவுப்பறவை: அக்கா, காலை 10 மணி மீட்டிங்கைக் கேலண்டரில் போட்டிருந்தேன். வேறு நாட்டில் இறங்கியதும் 5:30 என்று காட்டியது. ஃபோன் கெட்டுவிட்டதா?

பதில்: ஃபோன் சரியாகத்தான் வேலை செய்தது தம்பி. நீங்கள் 10 என்று போட்டபோது அது உங்கள் ஊரின் 10 என்று எடுத்துக்கொண்டது. நாலரை மணி நேரம் பின்தங்கிய ஊரில் இறங்கியதும் அந்த ஊர்க் கணக்குக்கு மாற்றி 5:30 என்று காட்டுகிறது. மீட்டிங் பதியும்போது நேரத்துக்குப் பக்கத்திலேயே நேர மண்டலம் என்று ஒரு தேர்வு இருக்கும். மீட்டிங் நடக்கும் ஊரை அதில் போடுங்கள். கூகுள் கேலண்டரில் தொடக்கத்துக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று என்று இரண்டு மண்டலம் கொடுக்க முடியும். விமானப் பயணத்துக்கென்றே செய்த வசதி போல இருக்கிறது அது. டோக்கியோவில் ஏறி லாஸ் ஏஞ்சலஸில் இறங்கினால், கிளம்பிய நேரத்துக்கு முன்பே சேர்ந்ததாகக் கடிகாரம் காட்டும். ஒரே மண்டலத்தில் பதிந்தால் குழப்பம்தான்.

மார்ச் மாதத்தில் இன்னும் கவனம் வேண்டும். அமெரிக்கா இரண்டாவது ஞாயிறன்று கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே மாற்றுகிறது, ஐரோப்பா கடைசி ஞாயிறன்று. இடைப்பட்ட நாட்களில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் ஐந்து மணி நேர வித்தியாசம் நான்காகிவிடும். வாராவாரம் நடக்கும் அழைப்புகள் அந்த நாட்களில்தான் தவறும்.

இதோடு சேர்த்து நள்ளிரவு விமானம். 12ஆம் தேதி 00:20 என்றால் 11ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 12ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்றவர்களை நான் அறிவேன், அதில் ஒருவர் எங்கள் நிதித்துறைத் தலைவர். அதன் பிறகு என் ஷீட்டில் "வீட்டை விட்டுக் கிளம்பும் நாள்" என்று தனிக் கட்டம் வைத்துவிட்டேன்.

சிறகு: விசாவுக்கு என்னென்ன ஆவணம் வேண்டும்?

பதில்: அந்த நாட்டுத் தூதரகத்தின் தளத்தில் பாருங்கள், வேறெங்கும் பார்க்காதீர்கள். விமான நிலையக் கவுன்டரில், எந்த நாட்டுக்கு என்ன ஆவணம் வேண்டும் என்று சொல்லும் டிமாடிக் என்ற தரவுத்தளத்தைப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா நடத்துவது அது. பாஸ்போர்ட் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்பதால் அந்தத் தேதியை இன்றே பார்த்துவிடுங்கள்.

களப்பணி: அக்கா, எங்கள் கம்பெனி டிக்கெட் போடச் சொல்லும் போர்டலில் காட்டும் விலையைவிட வெளியே குறைவாகக் கிடைக்கிறது. நானே போட்டுவிட்டுப் பில் கொடுத்தால் கம்பெனிக்கும் லாபம்தானே? ஏன் தடுக்கிறார்கள்?

பதில்: இதற்கு விரிவாகவே சொல்ல வேண்டும்.

2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து, சாம்பல் பரவி, ஐரோப்பிய வான்வெளியின் பெரும்பகுதி ஏறக்குறைய ஆறு நாள் மூடிக் கிடந்தது. அப்போது எங்கள் ஆட்கள் பதினொரு பேர் அங்கே இருந்தார்கள். ஒன்பது பேரின் விவரம் போர்டலில் இருந்தது. எந்த ஊர், எந்த ஹோட்டல் என்று பார்த்து அன்று மாலைக்குள் ரயிலும் கூடுதல் இரவுகளும் ஏற்பாடு செய்தோம். மற்ற இருவர் உங்களைப் போலவே மலிவாகக் கிடைத்தது என்று தாங்களே போட்டுக்கொண்டவர்கள். அவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதே இரண்டாம் நாள்தான் தெரிந்தது. ஒருவரின் வீட்டிலிருந்து அவருடைய மனைவி எனக்கு ஃபோன் செய்து கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்த அழைப்பை நான் மறக்கவில்லை.

களப்பணி: அது பழைய கதை அக்கா. இப்போது எல்லாரிடமும் ஃபோன் இருக்கிறது. ஒரு மெசேஜ் போட்டால் தெரிந்துவிடுமே.

பதில்: 2024 ஜூலை 19 பழைய கதை இல்லையே. ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட்டால் உலகமெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. சில விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கில் விமானங்கள் ரத்து. அன்று நூறு பேருக்குத் தனித்தனியாக மெசேஜ் போட்டு "எங்கே இருக்கிறீர்கள்" என்று கேட்பதா, ஒரே பட்டியலைத் திறந்து பார்த்து மாற்று விமானம் போடுவதா? மாற்று இருக்கைகள் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

கணக்குப்பிள்ளை: நடுவில் வருகிறேன். நான் செலவுக் கணக்கு பார்ப்பவன். வெளியே மலிவாக வாங்கிய டிக்கெட்டில் பாதிக்கு மேல் பணம் திரும்பாத வகை. மீட்டிங் தள்ளிப்போனால் முழுத் தொகையும் போச்சு. அப்புறம் எங்கே லாபம்?

களப்பணி: நான் ஒப்பிட்டது ஒரே விமானம், ஒரே வகை, ஒரே லக்கேஜ். அப்படியும் போர்டலில் அதிகம். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: இதில் நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். சில விமான நிறுவனங்கள் தங்கள் குறைந்த கட்டணங்களைச் சொந்தத் தளத்திலும், என்.டி.சி. என்ற புதிய இணைப்பு வழியிலும் மட்டும் கொடுக்கின்றன. அந்த இணைப்பு இல்லாத போர்டலில் அது தெரியவே தெரியாது. போர்டலை வாங்கியவர்கள் தீர்க்க வேண்டிய குறை இது. நானும் எங்கள் நிர்வாகத்திடம் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன்.

அதற்காகத் தன்னிச்சையாக வாங்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டை டெஸ்க்குக்கு அனுப்புங்கள், தேதியும் நேரமும் தெரிய வேண்டும். அதே கட்டணத்தில் போட முடிந்தால் போடுவார்கள். முடியாவிட்டால் எழுத்தில் அனுமதி வாங்கி நீங்களே போட்டு, உறுதி மெயிலை உடனே அவர்களுக்கு ஃபார்வர்ட் செய்யுங்கள். எங்களுக்கு வேண்டியது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்ற விவரம்.

ஒரே ஒரு காரியம் மட்டும் செய்யவே செய்யாதீர்கள். எங்கள் ஆள் ஒருவர், நாங்கள் போட்ட இருவழி டிக்கெட்டில் போகும் வழியை விட்டுவிட்டு, மலிவாகக் கிடைத்த வேறு விமானத்தில் போனார். திரும்பும்போது அவருக்கு இருக்கை இல்லை. முதல் பகுதியில் ஏறாவிட்டால் மிச்சப் பகுதிகள் பொதுவாகத் தானாகவே ரத்தாகிவிடும். கடைசி நேரத்தில் வாங்கிய டிக்கெட்டில் அவர் மிச்சம் பிடித்ததைப்போல் மூன்று மடங்கு போனது.

களப்பணி: இந்த விதி எனக்குத் தெரியாது. சரி, இனிமேல் கேட்டுவிட்டே போடுகிறேன். ஆனால் ஹோட்டல் விஷயத்தில் மட்டும் விடமாட்டேன். போர்டலில் வருவதெல்லாம் வாடிக்கையாளர் இடத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவு.

பதில்: ஹோட்டலில் நான் உங்கள் பக்கம். வரைபடத்தில் மீட்டிங் நடக்கும் இடத்தைக் குறித்து, காலை எட்டரை மணிக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று கூகுள் மேப்ஸில் நேரம் கொடுத்துப் பாருங்கள். அந்தப் படத்தோடு கேட்டால் எந்த டெஸ்க்கும் மறுக்காது.

சுற்றுலா மனம்: ரகசிய விண்டோவில் தேடினால் டிக்கெட் விலை குறையுமாமே?

பதில்: குறையாது. ஒரே விமானத்தில் பல கட்டண வகுப்புகள், ஒவ்வொன்றிலும் இத்தனை இருக்கை என்று கணக்கு இருக்கிறது. மலிவான வகுப்பு தீர்ந்தால் அடுத்தது காட்டும். முதலில் கேட்டாரே புது மேலாளர், அவருக்கும் சொல்கிறேன்: நான்கு பேருக்குச் சேர்த்துத் தேடும்போது மலிவு வகுப்பில் மூன்று இருக்கைதான் மிச்சம் என்றால், பொதுவாக நால்வருக்குமே மேல் வகுப்பு விலையைக் காட்டும். மூன்று பேருக்கு ஒரு முறை, ஒருவருக்கு ஒரு முறை தேடிப் பாருங்கள். தனித்தனியாக வாங்கினால் பி.என்.ஆர். இரண்டாகிவிடும், இரண்டையும் ஷீட்டில் எழுதுங்கள்.

வேகம்: ஏஐ-யிடம் முழுத் திட்டத்தையும் போட்டுத் தரச் சொன்னேன். அப்படியே புக் செய்யலாமா?

பதில்: வரைவுக்கு நல்லது. விமான எண், நேரம் ஒவ்வொன்றையும் விமான நிறுவனத்தின் தளத்தில் சரிபாருங்கள். ஊர்ப் பெயரை நம்பாமல் மூன்றெழுத்து விமான நிலையக் குறியீட்டைப் பாருங்கள். சான் ஹோசே கலிஃபோர்னியாவிலும் உண்டு, கோஸ்டா ரிக்காவிலும் உண்டு. பர்மிங்ஹாம் இங்கிலாந்திலும் அலபாமாவிலும் இருக்கிறது.

நிலா: எந்த ஆப் நல்லது மேடம்?

பதில்: முதல் கேள்விக்கான பதிலில் இருக்கிறது.

குழுத்தலைவர்: போர்டிங் பாஸைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால் எல்லாருக்கும் வசதியாக இருக்குமே?

பதில்: வேண்டாம். அதில் பி.என்.ஆர். இருக்கிறது, பெயர் இருக்கிறது. பல விமான நிறுவனத் தளங்களில் அந்த இரண்டை வைத்தே உங்கள் பயணத்தைத் திறக்கலாம். இருக்கையை மாற்றலாம், சிலவற்றில் ரத்தே செய்யலாம். எழுத்தை மறைத்தாலும் பார்கோடில் எல்லாம் இருக்கும்.

பச்சைக்கொடி: விற்கும் தளத்தில் வாங்கினேன், புக்கிங் எண் வந்துவிட்டது. போதும்தானே?

பதில்: போதாது. மூன்றாவது தடவையாகச் சொல்லவும் தயார்: விமான நிறுவனத்தின் பி.என்.ஆர்., 13 இலக்க டிக்கெட் எண், அவர்கள் தளத்திலேயே திறந்து பார்ப்பது. மேலே உள்ளதைப் படித்துவிட்டுக் கேளுங்கள், தயவுசெய்து.

தாமரை: இரண்டு தனி டிக்கெட், நடுவில் ஒன்றரை மணி நேரம். ஆப் பச்சை நிறத்தில் சரி என்று காட்டுகிறது.

பதில்: ஆப்புக்கு இரண்டும் தனி டிக்கெட் என்பது புரியாது. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்கள் மேல் பொறுப்பில்லை. பெட்டியையும் பெரும்பாலும் எடுத்து மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும். ஒரே டிக்கெட்டாக மாற்றுங்கள், முடியாவிட்டால் முந்தைய விமானத்தில் போங்கள்.

அதிகாலை: அக்கா, நாளை விடியற்காலை கிளம்புகிறேன். கேலண்டர், ஷீட் எல்லாம் போட்டாயிற்று. ஒரு அச்சுப்பிரதியும் எடுத்துவிட்டேன். வேறு என்ன பார்க்க வேண்டும்?

பதில்: இப்போதே விமான நிறுவனத்தின் தளத்தில் பி.என்.ஆர். போட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். காத்திருக்கிறேன்.

அதிகாலை: பார்த்தேன். கிளம்பும் நேரம் 35 நிமிடம் முன்னால் வந்திருக்கிறது! எனக்கு மெயிலே வரவில்லை.

பதில்: விற்ற தளத்தின் மெயிலுக்குப் போயிருக்கும். வாடகைக் காரை முன்கூட்டி வரச் சொல்லுங்கள், கேலண்டரையும் ஷீட்டையும் திருத்துங்கள், அச்சை மறுபடி எடுங்கள். அங்கே உங்களை அழைத்துப் போக வருபவருக்கும் இன்றே ஒரு செய்தி அனுப்பிவிட்டுத் தூங்குங்கள்.